வெளுத்ததெல்லாம் பாலல்ல



இந்தப் பகுதியில் வழக்கமாக டெங்கி, இனிப்பு நீர், இரத்த அழுத்தம் என்றுதான் எழுதி வருகிறேன். இந்த முறை நிறத்தைப் பற்றி எழுதப் போகிறேன். "நிறத்துக்கும் டிரசருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. சிறுநீர் சோதிக்கும் குச்சியில் அந்தச் சம்பந்தத்தை என் கண்ணாலேயே பார்த்தேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம். வயது 22. டவுனில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நல்ல கறுப்பு, களையான முகம், கலகலவென்று பேசுகிற பிள்ளை. கல்யாணம் நிச்சயமாயிற்று. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அத்தை பந்தியில் உட்கார்ந்து கொண்டு, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, கலருதான் கொஞ்சம் கம்மி" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். வாயில் வந்தது, சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பெண்ணுக்கு அன்றிரவு தூக்கமில்லை.

அடுத்த வாரமே பசார் மாலாமில் 35 வெள்ளி கொடுத்து ஒரு டப்பா களிம்பு வாங்கினாள். செய்த கம்பெனியின் பெயரில்லை, முகவரியில்லை. மூடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் மட்டும் சிரித்துக் கொண்டிருந்தது. காலையும் இரவும் பூசினாள். மூன்று வாரத்தில் முகம் வெளுத்தது. பக்கத்து வீட்டார் பாராட்டினார்கள். அம்மா பூரித்துப் போனார். தன் கன்னத்து மங்குக்கும் அதே டப்பாவில் தொட்டுப் பூசிக் கொண்டார்.

அந்தச் சமயத்தில் இருமல் மருந்து வாங்க என் கிளினிக்குக்கு வந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னம்மா, கல்யாணக் களை இப்பவே வந்திருச்சே!" என்றேன். இருபது வருஷமாக மருந்து கொடுத்து வருகிறவன் சொன்ன சொல் இது. ஒரு பெண்ணின் தோல் மூன்று வாரத்தில் நிறம் மாறுகிறது என்றால், அது ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, பாராட்டி அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தாள். காலையில் எழுந்தால் கண் இமை வீங்கி இருக்கிறதாம். சாயங்காலம் கால் வீங்கி, செருப்பு வார் பட்ட இடம் குழியாகப் பதிகிறதாம். சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைக்கிறது என்றாள். சோதனைக் குச்சியை முக்கினேன். மஞ்சளாக இருக்க வேண்டிய கட்டம் பச்சையாக மாறியது. உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகிறது என்று அர்த்தம். உடனே அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே இருந்த டாக்டர் முதலில் கேட்டது, "முகத்துக்கு என்ன பூசுறீங்க?" என்பதுதான். சோதித்துப் பார்த்ததில் உடம்பில் பாதரசம். களிம்பை அள்ளிப் பூசாமல் தொட்டுத் தொட்டுப் பூசிய அம்மாவின் உடம்பிலும் பாதரசம்!

களிம்புக்குள் இருப்பது என்ன?

தோலின் நிறத்துக்குக் காரணம் மெலனின் என்ற ஒரு சாயம். அதை உண்டாக்கும் உயிரணுக்கள் வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். நம்முடைய அணுக்கள் கூடுதலாகச் சாயம் தயாரிக்கின்றன, அவ்வளவே வேற்றுமை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், உச்சி வெயிலில் வாழ்கிற மனிதனுக்கு இயற்கை கொடுத்த குடை அது. வெயிலில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தடுத்து, தோல் புற்றுநோயிலிருந்து பெருமளவு காப்பாற்றுவது அந்தக் கறுப்புத்தான். குடையைக் கிழித்துப் போட்டுவிட்டு மழையில் நடப்பவனை என்னவென்று சொல்வோம்?

பாதரசம் அந்தச் சாயம் உண்டாகாமல் தடுக்கிறது. அதனால்தான் முகம் சீக்கிரம் வெளுக்கிறது. ஆனால் அது முகத்தோடு நிற்பதில்லை. தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. நரம்பையும் தாக்கும். கை நடுங்கும், தூக்கம் கெடும், ஞாபகம் குறையும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். கர்ப்பிணி பூசினால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பூசாதவரையும் அது விடாது. ஒரே துண்டு, ஒரே தலையணை, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சும் குழந்தை, இவை வழியாகவும் வீட்டுக்குள் பரவும்.

ஜப்பானில் மினமாத்தா என்று ஓர் ஊர். தொழிற்சாலைக் கழிவில் வந்த பாதரசம் கலந்த மீனைத் தின்று அங்கே மக்கள் கை கால் முடங்கிச் செத்தார்கள். 1956-ல் அந்த நோய் வெளியே தெரிய வந்தது. அந்த ஊரின் பெயராலேயே 2013-ல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. அழகுக் களிம்பில் பாதரசம் சேர்ப்பதை ஒழிப்பதும் அதில் ஒரு பகுதி. நம் நாட்டிலும் அழகுப் பொருளில் பாதரசம் சேர்க்கத் தடை இருக்கிறது. தடை இருந்தும் டப்பா வருகிறது. கேட்கிறவர் இருக்கும் வரை விற்கிறவன் இருப்பான்.

பாதரசம் இல்லாத களிம்பெல்லாம் நல்லது என்றும் எண்ணி விடாதீர்கள். சிலவற்றில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஸ்டெராய்டு மருந்தைக் கலக்கிறார்கள். அது தோலை மெல்லியதாக்கிவிடும். சிவந்து எரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். சிலவற்றில் ஹைட்ரோகுவினோன் இருக்கும். நீண்ட நாள் பூசினால் வெளுக்க வைக்க வந்த மருந்தே முகத்தில் நீலம் பாய்ந்த கறுப்புத் திட்டை உண்டாக்கிவிடும். 

வெளுத்ததெல்லாம் பாலல்ல என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு அதை விளக்கவா வேண்டும்? மரத்தில் வடிகிற பாலும் வெள்ளைதான். அதை யாராவது குடிப்பார்களா?

ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம்

இவ்வளவும் தெரிந்த பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அழகுப் பைத்தியம்" என்று அந்தப் பெண்ணின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பித்துக் கொள்ளலாம். அது நியாயமாகாது. அவள் கையில் அந்த டப்பாவைக் கொடுத்தது யார்?

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் எத்தனை பாட்டிமார் என்னிடம் குழந்தையின் காது மடலைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள்! "காதைப் பாருங்க ஐயா, பின்னால கறுத்துத்தான் போகும் போல" என்பார்கள். பெண் குழந்தையானால் அந்தக் குரலில் ஒரு துக்கம் இருக்கும். ஆண் குழந்தையானால், "போகட்டும், ஆம்பளப் பிள்ளைதானே" என்று சிரிப்பு இருக்கும். கண் திறந்து நம்மைச் சரியாகப் பார்க்கக்கூடத் தெரியாத சிசுவுக்கு அன்றைக்கே தீர்ப்பு எழுதி விடுகிறோம்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். பிறந்த குழந்தை மஞ்சளாக இருக்கிறது. "நல்ல எலுமிச்சம்பழ நிறம்" என்று வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. உண்மையில் அது மஞ்சள் காமாலை. நிறத்தைக் கொண்டாடிக் கொண்டே இரண்டு நாள் தாமதித்தால் குழந்தையின் மூளைக்கே ஆபத்தாகலாம். குழந்தையின் கண் வெள்ளையும் ஈறும் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே கொண்டு வாருங்கள்.

பிறகு அந்தப் பெண் குழந்தை வளர்கிறது. "வெயில்ல ஆடாதே, கறுத்துருவே" என்கிறோம். ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வரக்கூடிய பிள்ளை திடலுக்குப் போகாமல் வீட்டில் உட்காருகிறது. அதே வீட்டில் அண்ணன் நாள் முழுக்கப் பந்து விளையாடிவிட்டு அட்டைக் கறுப்பாக வருவான். அவனை "கறுப்புச் சிங்கம்" என்கிறோம். அவனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது, "பொண்ணு சிவப்பா இருக்கணும்" என்பதுதான் முதல் நிபந்தனை. கண்ணாடி பார்த்துவிட்டுத்தான் சொல்கிறானா என்று ஒருவரும் கேட்பதில்லை.

சினிமாவைப் பாருங்கள். 1975-ல் ரஜினிகாந்த் தமிழ்ப் படத்தில் அறிமுகமானார். கறுத்த மனிதர். மக்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நல்லதுதான், நானும் கொண்டாடியவன்தான். ஆனால் அவரோடு ஜோடி சேர்ந்த கதாநாயகிகளில் அவர் நிறத்தில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், விரல் மிச்சமாகும். அதே 1975-ல்தான் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு கடைக்கு வந்தது. அதில் பாதரசம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வருவது வேறு. கறுத்த ஆணுக்குக் கைதட்டல் கிடைத்த அதே வருஷம், கறுத்த பெண்ணுக்குக் கிடைத்தது ஒரு களிம்பு. சிவப்பாக இருந்தால்தான் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைக்கும் என்று வருஷக்கணக்கில் விளம்பரம் பாடம் நடத்தியது. பல பேர் எதிர்ப்புக் கிளப்பிய பிறகு 2020-ல் அதன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ' என்று மாற்றினார்கள். பெயர் மாறியது. நம் மனசு மாறியதா?

உடம்புக்கு விலை போடுவது நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில், 1920-களின் கடைசியில், இந்நாட்டுத் தோட்டங்களில் தென்னிந்தியத் தொழிலாளருக்கு விதித்த நாள்கூலி பல பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண் என்பதற்காகப் பத்துக் காசு பிடித்துக் கொண்டார்கள். அதை அநியாயம் என்கிறோம். பேசவும் வேண்டும். ஆனால் கல்யாணப் பேச்சில், "பொண்ணு கறுப்பு, அதனால நகை கொஞ்சம் கூடப் போடணும்" என்று சொல்லும்போது நாம் செய்வது என்ன? துரை பத்துக் காசு பிடித்தான். நாம் பத்துப் பவுன் பிடிக்கிறோம்!

கும்பிடும்போது மட்டும் கறுப்பா?

தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில். கருமாரி என்று கைகூப்புகிறோம். காளி என்று கற்பூரம் ஏற்றுகிறோம். தீமிதித் திருவிழாவில் திரௌபதை அம்மனுக்குக் காப்புக் கட்டுகிறோம். திரௌபதைக்குக் கிருஷ்ணை என்று ஒரு பெயருண்டு, கறுத்தவள் என்று பொருள். பாரதக் கதையிலே பேரழகி என்று சொல்லப்பட்டவள் கறுப்புப் பெண்தான். கருவறையில் நிற்கிறவள் கறுப்பாக இருந்தால் தாய். வீட்டுக்கு வருகிற மருமகள் கறுப்பாக இருந்தால் குறையா?

என் தொழிலைப் பொறுத்தவரை, நான் பயப்படுவது வெளுப்பைக் கண்டுதான். ஒரு பெண் தலைசுற்றல் என்று வந்தால் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன், நாக்கைப் பார்ப்பேன், நகத்தைப் பார்ப்பேன். அங்கே வெளுத்திருந்தால் இரத்தசோகை. நம் பெண்கள் பலரிடம் அந்த வெளுப்பைப் பார்க்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது, மாதவிலக்கில் அதிகம் போனாலும் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பது, இதெல்லாம் காரணம். அந்த வெளுப்பைப் பற்றி எந்த அத்தையும் பந்தியில் பேசுவதில்லை.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. மாதம் 26 நாள் என்று வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். 35 வெள்ளி டப்பா என்றால் பாதி நாள் உழைப்புக்கு மேல். அந்தக் காசுக்குக் கீரை, முட்டை, நெத்திலி, பயறு வாங்கினால் ஒரு வாரம் குடும்பம் சத்தாகச் சாப்பிடலாம்.

செம்பனைக் காட்டில் மருந்தடித்த நம் பெண்களின் உடம்பைக் கெடுத்த பாராகுவாட் நஞ்சை எதிர்த்து எத்தனையோ ஆண்டு குரல் எழுந்தது. 2020 ஜனவரியில் அதைத் தடை செய்தார்கள். தோட்டத்தில் நஞ்சை வேண்டாம் என்றோம். வேறொரு நஞ்சை நம் சொந்தக் காசில் வாங்கி, கண்ணாடி முன் நின்று நாமே பூசிக் கொள்வதா?

செய்ய வேண்டியவை

களிம்பு வாங்கியே ஆக வேண்டும் என்றால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். செய்தவர் பெயர், முகவரி, கலந்த பொருள்களின் பட்டியல், சுகாதார அமைச்சில் அறிவித்த எண், இவை இருக்க வேண்டும். அந்த எண் என்-ஓ-டி என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். எண் இருந்தும் பிறகு நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு அனுமதி ரத்தான பொருள்களும் உண்டு. ஆகவே படித்த பிள்ளைகளை விட்டு அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 

கலோமல், மெர்குரி என்ற சொற்கள் இருந்தால் தொடாதீர்கள். "தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் மேல் படக்கூடாது" என்று எழுதியிருந்தால் அதுவும் பாதரசத்தின் அடையாளம். தங்கத்தின் மேல் படக்கூடாத ஒன்று உங்கள் பிள்ளையின் கன்னத்தின் மேல் படலாமா? சில வாரத்திலேயே வெளுக்க வைக்கிறேன் என்று எவன் சொன்னாலும் சந்தேகப்படுங்கள்.

ஏற்கனவே பூசிக் கொண்டிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியலாம், முன்னைவிடக் கறுத்த மாதிரி தெரியலாம். பயந்து மறுபடி பூசாதீர்கள். டப்பாவை மூடி பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள். குப்பையில் எரிக்காதீர்கள், கால்வாயில் கொட்டாதீர்கள். பாதரசப் புகையும் விஷம்தான். முகம், கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், கை நடுக்கம் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் கட்டாயம் வந்து சொல்லுங்கள். நான் திட்ட மாட்டேன். திட்டுவதற்கு எனக்கு யோக்கியதையும் இல்லை.

சங்கத்தின் மாதர் பிரிவு இதை அடுத்த கிளைக் கூட்டத்தில் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெண்கள் மட்டும் பேசினால் போதாது, பெண் பார்க்கப் போகிற ஆண்களும் உட்கார்ந்து கேட்க வேண்டும். நம் தோட்டத்துக் கடையில் பெயரில்லாத களிம்பு விற்கக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். அதைவிடப் பெரிய தீர்மானம் ஒவ்வொரு வீட்டிலும் போட வேண்டும். பெண் பிள்ளையின் நிறத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ இனி வாய் திறக்க மாட்டோம் என்ற தீர்மானம் அது. அதற்குப் பணம் தேவையில்லை, வாயைக் கட்டினால் போதும்.

அந்தப் பெண் இப்போது மாதம் ஒரு முறை வருகிறாள். வீக்கம் வடிந்துவிட்டது. சோதனைக் குச்சி இன்னும் லேசாகப் பச்சை காட்டுகிறது. கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் சிகிச்சை நடக்கிறது. போன மாதம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதம்மா" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீங்க மட்டுமா ஐயா சொன்னீங்க?" என்றாள்.

அவள் கேட்ட கேள்விக்கு நான் ஒருவன் பதில் சொல்லித் தீராது. அதனால்தான் உங்கள் எல்லாருக்கும் எழுதினேன்.

அடுத்த இதழில் இரத்தசோகையைப் பற்றியும், மலிவாகக் கிடைக்கிற இரும்புச் சத்து உணவைப் பற்றியும் எழுதுகிறேன்.